எடைமேடையில் ஒரு கோம்பி

அத்திப்பட்டில் அடிவண்டி வேலை என்றால் டிரெய்லர் வேலைதான். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் ஏற்றிப் போகிறவை, வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பலை அள்ளிப் போகிறவை, கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலிருந்து கம்பி சுமந்து வருகிறவை. பிளேட் கட், சென்டர் போல்ட் கட், ஷேக்கில் புஷ் தேய்மானம், ஹப்பில் ஆட்டம் என்று காலையில் தொடங்கினால் இருட்டும்வரை கையில் கிரீஸ் காயாது. நான் தொழில் கற்ற பட்டறையில் மேஸ்திரி ஒரே கேள்வியோடுதான் எந்த வண்டியையும் உள்ளே விடுவார்: "என்ன எடை?" டிரைவர் வாயால் சொல்வது போதாது, எடைமேடைச் சீட்டைக் காட்ட வேண்டும். எத்தனை பட்டை, என்ன தடிமன், எவ்வளவு வளைவு என்ற பேச்செல்லாம் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான்.

பழைய வேன்கள் என்னிடம் வரத் தொடங்கியபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. மெட்டடார், ஸ்டாண்டர்ட் 20, எப்போதாவது ஒரு ஃபோக்ஸ்வாகன் கோம்பி. சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஆசைக்காக வைத்திருப்பவர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருப்பார்கள். அதற்கு மேல், வண்டி தரையோடு ஒட்டி நின்றால்தான் அழகு என்று தாழ்த்தியும் விடுவார்கள். அந்த அழகை நான் மறுக்கவில்லை. தாழ்ந்து நிற்கிற கோம்பி உண்மையிலேயே பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது எவ்வளவு தாழலாம் என்பதை எடையும் டயரும்தான் சொல்ல வேண்டும். கண் சொல்லக் கூடாது.

இங்கே சொல்லப்போவது 1972ஆம் ஆண்டுக் கோம்பி ஒன்றைப் பற்றி. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்ளறை செய்து கொடுத்த வகை. கூரையைத் தூக்கினால் துணிச் சுவரோடு மேலே எழும்பும். உரிமையாளர் அண்ணாநகர்க்காரர். வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் தாழ்த்திக்கொண்டு வந்திருந்தார். சக்கரத்தின் மேல்பாதி மட்கார்டுக்குள் ஒளிந்திருந்தது. பின்சக்கரம் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றன. டயரின் உள்விளிம்பில் பட்டன் சுத்தமாகப் போய், கையை விட்டுத் தடவினால் கம்பி நூல் குத்தியது.

"மேஸ்திரி, உயரம் இப்படியே இருக்கட்டும். குதிக்கிறத மட்டும் நிறுத்திக் குடுங்க. ஸ்டியரிங்கும் நேரா நிக்க மாட்டேங்குது" என்றார்.

"மொதல்ல எடை போட்டுடலாம் சார். அப்புறம் பேசலாம்."

"லாரிக்குத்தானே எடை போடுவாங்க?"

"வீட்டையே தூக்கிட்டுப் போற வண்டி சார் இது."

எடைமேடைக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. மீஞ்சூர் சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று உண்டு. வெறும் வண்டியைப் போட்டுப் பயனில்லை. பயணம் போகிற மாதிரியே பெட்ரோல் நிரப்பி, தண்ணீர் டேங்கை முழுதாக்கி, கேஸ் சிலிண்டர், படுக்கை, பாத்திரம் எல்லாம் வைத்து, ஆட்கள் உட்காரும் இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு போனோம். முதலில் முன்சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி, பிறகு பின்சக்கரம் மட்டும். மொத்தம் 1,990 கிலோ. முன்னே 830, பின்னே 1,160. எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டியில் பின்பாரம் கூடுவது இயல்பு. அடுத்து இடது பக்கத்துப் பின்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றினேன். சமையல் பெட்டியும் தண்ணீர் டேங்கும் ஒரே பக்கம் இருந்ததால் அந்தப் பக்கத்துப் பின்சக்கரம் 610 கிலோவும் மற்றது 550 கிலோவும் சுமந்தன.

சீட்டை வாங்கிக்கொண்டு டயர் பக்கம் குனிந்தேன். போட்டிருந்தது 185/65 ஆர் 14, கார் டயர். அளவுக்குப் பக்கத்தில் 86 என்று அச்சிட்டிருந்தது. டயர் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டு இலக்கத்தைப் படிப்பதே இல்லை. அதுதான் சுமைக் குறியீடு. 86 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 530 கிலோ தாங்கும். 91க்கு 615, 95க்கு 690, 102க்கு 850. 610 கிலோ சுமக்கிற இடத்தில் 530 கிலோ டயர் சுழன்றுகொண்டிருந்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய்வந்ததாக அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. தாங்காத எடை ஏறினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையே கொதிக்கும் ஊரில் அந்தச் சூடு போக வழியில்லை. வெடிக்கும்போது பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் உதவாது.

அவர் சீட்டையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு உயரத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

இந்த மாடல் கோம்பிக்குக் கம்பெனி கொடுத்தது 185 ஆர் 14 சி டயர். கடைசியில் இருக்கும் அந்த சி சரக்கு வண்டிக்கான டயர் என்பதைக் குறிக்கும். நம் ஊர் டயரில் அதே இடத்தில் எல்டி என்று இருக்கும். எட்டு பிளை என்றும் போட்டிருப்பார்கள். உள்ளே எட்டு அடுக்கு இருக்கும் என்று அர்த்தமில்லை, அந்த அளவுக்கு உறுதி என்று கொள்ள வேண்டும். இந்த அளவு டயருக்கு ஜெர்மனிக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். தேவையே இல்லை. அசோக் லேலண்டின் தோஸ்த் வண்டிக்குப் போடுகிற 185 ஆர் 14 எல்டி எட்டு பிளை டயர் அதே அளவுதான். காய்கறியும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவில் நாள் முழுக்க ஓடுவது அந்த டயர்தான். டயருக்கு அலைய வேண்டிய பூமியும் இல்லை இது. 1946ல் கே. எம். மாமன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கி, பின்னால் எம்.ஆர்.எஃப். ஆன கம்பெனி பிறந்தது பக்கத்தில் திருவொற்றியூரில். கும்மிடிப்பூண்டி தாண்டித் தேர்வாய் கண்டிகையில் மிஷலின் லாரி டயர் செய்கிறது.

அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. 15 அங்குல அலாய் ரிம் ஒரு செட் வாங்கி வைத்திருந்தார். அதில் 195/65 ஆர் 15 போட்டால் அழகும் வரும், உயரமும் கூடாது என்பது கணக்கு. கணக்கு முழுத் தவறில்லை. ஆனால் அந்த அளவில் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 91 குறியீடு. 615 கிலோ தாங்கும் டயரில் 610 கிலோ ஏற்றினால் மிச்சம் ஐந்து கிலோ. வலுவூட்டிய 95 கிடைத்தால் யோசிக்கலாம். ரிம்மைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் எவ்வளவு கிலோ தாங்கும் என்ற எண் எங்கும் இல்லை. போல்ட் உட்காரும் குழியும் கூம்பாக இருந்தது. கோம்பியின் போல்ட் முகம் உருண்டை. கூம்புக் குழியில் உருண்டை முகம் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். எவ்வளவு முறுக்கினாலும் ஓட ஓடத் தளரும். ஐந்து துளையும் சரியாகப் பொருந்துகிறதே என்று பலர் இதில் ஏமாறுகிறார்கள். அலாயை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பழைய இரும்பு ரிம்மையே மணல் அடித்துச் சுத்தம் செய்து, சுழற்றிப் பார்த்து, நேராக இருந்ததால் போட்டேன்.

சின்ன டயருக்கு இன்னொரு கேடும் உண்டு. 185/65 ஆர் 14 ஏறக்குறைய 596 மில்லிமீட்டர் உயரம். கம்பெனி டயர் 650 பக்கம். கோம்பியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் முன்பக்க இடது சக்கரத்து ஹப்பிலிருந்து நேராக வருகிறது. டயர் சிறுத்தால் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். முள் 60 காட்டும்போது வண்டி 55ல்தான் போகும். அதே வேகத்துக்கு எஞ்சினும் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ரேடியேட்டர் இல்லாமல் காற்றாலேயே குளிர்கிற எஞ்சினுக்கு அந்தத் தண்டனை எதற்கு?

டயர் முடிவான பிறகுதான் உயரத்துக்கு வந்தேன். கோம்பியின் அடிப்பக்கம் லாரிக்காரனுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பட்டைக்கட்டும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. முன்னால் குறுக்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டைகள் கட்டாக அடுக்கியிருக்கும். நடுவில் திருகு வைத்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு முனையிலும் சக்கரத்தின் கைகள். லாரிப் பட்டை வளைகிறது, இங்கே பட்டை முறுகுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். எஃகின் குணம் ஒன்றே. பின்னால் பட்டை இல்லை, முறுகும் உருண்டைக் கம்பி. (மெட்டடாருக்கும் இந்த வண்டிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1949ல் ஜெர்மனியில் வந்த முதல் டெம்போ மெட்டடார் ஃபோக்ஸ்வாகன் எஞ்சினில்தான் ஓடியது. தன் சொந்த வேனுக்குப் போட்டியாகிறது என்று 1952ல் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் கொடுப்பதை நிறுத்தியது. இந்தியாவில் நாம் பார்த்த மெட்டடார் பின்னால் வந்த வேறு எஞ்சின் வண்டி.)

முன்னால் தாழ்த்த இரண்டு வழி உண்டு. ஒன்று, குழாயை நடுவில் வெட்டி அட்ஜஸ்டர் வைத்து வெல்டிங் செய்து, உள்ளே இருக்கும் பட்டைக்கட்டையே திருப்பி வைப்பது. கைகள் மேலே ஏறி, வண்டி இறங்கும். இதில் சிக்கல் என்னவென்றால், கை ஏறிப் போய் பம்ப் ரப்பருக்கு மிக அருகில் நிற்கும். சின்னப் பள்ளம் வந்தாலும் ரப்பரில் மோதும். ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லாமல் அடி முழுதும் சேசிக்குப் போகும். அவர் சொன்ன 'குதிக்கிறது' அதுதான். இரண்டாவது வழி, சக்கரத்தின் அச்சுமுனை மேலே தள்ளி வார்த்த நக்கிளைப் போடுவது. கைகள் பழைய இடத்திலேயே இருக்கும், ஸ்பிரிங் ஓடுகிற தூரமும் குறையாது. வண்டி மட்டும் இரண்டரை அங்குலம் தாழும். தாழ்த்துவதுதான் குறி என்றால் இதையே நான் சொல்வேன். ஆனால் பெரிய சி டயர் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும்.

அவருடைய வண்டியில் முதல் வழியைச் செய்திருந்தார்கள். வெல்டிங்கை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, சுண்ணாம்புப் பொடி தூவி விரிசல் பார்த்தேன். விரிசல் இல்லை. ஆனால் கீழ்க்குழாயில் யாரோ ஜாக்கி வைத்துத் தூக்கியதால் ஓரிடத்தில் நசுங்கி, உள்ளே பட்டைகள் சிக்கி முறுகிக்கொண்டிருந்தன. குழாய்க்கு அடியில் ஜாக்கி வைக்கவே கூடாது. இரண்டு மாதம் தேடி, இரண்டு குழாயும் சேர்ந்த நல்ல பீம் ஒன்று கிடைத்தது, வெட்டாதது. அதைப் போடுவது என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவுக்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021ல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. 50 ஆண்டு தாண்டி, அசல் உருவத்திலேயே இருந்தால் 'விஏ' என்ற எழுத்தோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்த எண்ணோடு அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பவருக்கு அது ஒத்துவராது. எந்த வழியில் போனாலும் சேசியையும் பாடியையும் வெட்டியவருக்குப் பிற்காலத்தில் பேச இடமிருக்காது. அதனால் என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன்: எந்த மாற்றத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அசலை வெட்டாதீர்கள், கழற்றிய அசல் பாகத்தை எடைக்குப் போடாதீர்கள்.

பின்பக்க வேலைதான் எனக்குப் பிடித்தது. முறுகு கம்பியின் இரண்டு முனையிலும் பல் வெட்டியிருக்கும். உள்முனையில் ஒரு எண்ணிக்கை, வெளிமுனையில் வேறோர் எண்ணிக்கை. வெளியே ஒரு பல் மாற்றினால் வண்டி சுமார் இரண்டு அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். உள்முனையை ஒரு பக்கம் ஒரு பல், வெளிமுனையை எதிர்ப்பக்கம் ஒரு பல் திருப்பினால் மிச்சம் வருவது ஒரு டிகிரிக்கும் குறைவு. இப்படி ஒன்றோடொன்று கழித்து எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும் உயரம் வைக்கலாம். அந்தக் காலத்தில் இதை யோசித்தவன் மூளையை நினைத்து ஒவ்வொரு முறையும் வியப்பேன். கழற்றும்போது கவனம் வேண்டும். கம்பியின் வெளிமுனையில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் பிளேட்டை அதன் தடுப்பிலிருந்து லிவர் போட்டு நழுவ விட்டால் காலை ஒடிக்கும் வேகத்தில் கீழே அடிக்கும். சங்கிலி போட்டு ஜாக்கியோடு கட்டிய பிறகே கையை உள்ளே விடுவேன். பட்டறைப் பையனை எதிர்ப்பக்கம் நிற்க விடவும் மாட்டேன்.

இந்த வண்டியில் பின்னால் இரண்டு பல் இறக்கியிருந்தார்கள். சக்கரம் உள்ளே சாய்ந்ததும் உள்விளிம்பு தேய்ந்ததும் அதனால்தான். இரண்டையும் ஏற்றிவிட்டு, பிறகு உள்ளும் வெளியும் கழித்து, ஒன்றரை அங்குலம் மட்டும் தாழ வைத்தேன். தண்ணீர் டேங்க் பக்கத்தை ஒரு மிகச் சிறிய அளவு கூடுதலாக ஏற்றினேன். முழுப் பாரத்தில் வண்டி இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் அல்லவா. முன்னால் வெட்டாத பீம் என்பதால் கம்பெனி உயரம். பெரிய டயரே ஓர் அங்குலம் தூக்கிவிட்டது. பின்பக்கம் சற்றே கீழே இருப்பது நல்லது. பின்பக்கத்தைவிட முன்பக்கம் கூடுதலாகத் தாழ்ந்தால் காஸ்டர் கோணம் குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அவர் வண்டி அலைந்ததற்கு அது பாதிக் காரணம்.

மறுபாதிக் காரணம் எங்கள் சாலை. டிரெய்லர்கள் ஓடி ஓடி இரண்டு பள்ளக் கோடுகள் விழுந்திருக்கின்றன. கோம்பியின் சக்கர இடைவெளி டிரெய்லருடையதைவிட மிகக் குறைவு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்று மேட்டில் ஏறும். அந்த நேரத்தில் காஸ்டர் குறைந்த வண்டி டிரைவர் பேச்சைக் கேட்காது. வேகத்தடைகள் வேறு. இந்திய சாலை காங்கிரஸ் விதியில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமாக இருந்தால் தாழ்ந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். தெருவில் நாமே போட்டுக்கொள்கிறவை குறுகலும் செங்குத்துமாக இருக்கின்றன. 2,400 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியின் வயிறு அதில்தான் தட்டும்.

ஷாக் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் அளந்து வாங்குவேன். முழுதாக இழுத்தால் என்ன நீளம், முழுதாக அமுக்கினால் என்ன நீளம் என்று இரண்டு அளவு வேண்டும். கை பம்ப் ரப்பரை முழுதாக அமுக்கிய நிலையில் ஷாக்கில் இன்னும் 15 மில்லிமீட்டராவது ஓட்டம் மிச்சமிருக்க வேண்டும். தாழ்ந்த வண்டியில் பழைய நீள ஷாக்கை அப்படியே விட்டால் அது உள்ளே முட்டி முட்டி வால்வு நொறுங்கும். கேஸ் நிரப்பிய கடினமான ஷாக்கை அவர் விரும்பினார். எண்ணெய் ஷாக்கே போட்டேன். உள்ளே அலமாரிக் கதவும் கண்ணாடிப் பாத்திரமும் இருக்கும் வண்டிக்கு மென்மைதான் பொருத்தம்.

பிறகு புஷ், பந்து மூட்டு, கிரீஸ். கடற்கரை உப்புக் காற்றும் சாம்பல் தூசியும் சேர்ந்த ஊர் இது. சாம்பல் கிரீஸில் ஒட்டினால் தேய்ப்புப் பசை ஆகிவிடும். பீம் குழாயின் நிப்பிள்களில் கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையைத் தொடக் கூடாது. பாரம் இறங்கியிருந்தால் பேரிங்கின் ஒரு பக்கத்துக்குக் கிரீஸ் போகவே போகாது. பழைய அழுக்குக் கிரீஸ் முழுதும் வெளியே வழிந்து புதிது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும்.

அலைன்மென்ட்டை மணல் மூட்டைகளை இறக்காமலே செய்தேன். முதலில் நூல் பிடித்து நான் பார்த்தேன், பிறகு கம்ப்யூட்டரில். வெறும் வண்டிக்கு வைத்த கோணம் பாரம் ஏறியதும் மாறிவிடும். எப்போதும் பாரத்தோடு போகிற வண்டிக்கு வெறும் அளவு எதற்கு?

டயர் ஐந்தும் ஒரே தேதியாகப் பார்த்து வாங்கினோம். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. இப்படி அபூர்வமாக ஓடுகிற வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே வயதாகிச் சாகிறது. பட்டன் முழுதாக இருந்தாலும் ஆறு ஆண்டுக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டெப்னியும் அதே அளவுதான். பின்சக்கரத்தில் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் டிஃபரன்ஷியல் வீண். காற்று முன்னே 30, பின்னே 42 என்று டிரைவர் கதவின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிக் கொடுத்தேன். பஞ்சர் கடைப் பையன் காரென்று நினைத்து நாலுக்கும் 32 அடித்துவிடுவான். அதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவாருங்கள், போல்ட் முறுக்கு பார்க்க வேண்டும், நாலு மூலையிலும் உயரம் அளக்க வேண்டும், வரும்போது தண்ணீர் டேங்க் நிரம்பியிருக்கட்டும் என்றேன்.